ஏலியன் சோல்ஜர்: முதல் இருபது சாவுகளைத் தாண்டுவது எப்படி

சேகாவின் பழைய கேம் பெட்டியான மெகா டிரைவில் நல்ல துப்பாக்கி கேம் எது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் கன்ஸ்டார் ஹீரோஸ் என்பார்கள். அதைச் செய்த அதே ட்ரெஷர் நிறுவனம் 1995 தொடக்கத்தில் ஜப்பானில் இறக்கிய ஏலியன் சோல்ஜர் பற்றிக் கேளுங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அடுத்த தலைமுறைப் பெட்டிகளான சாட்டர்னும் பிளேஸ்டேஷனும் அப்போதுதான் ஜப்பான் கடைகளுக்கு வந்திருந்தன, பழைய பெட்டிக்கு வந்த புது கேமை யார் சீண்டுவார்கள்? அமெரிக்காவிலோ கேட்ரிட்ஜாகவே வரவில்லை, கேபிள் வழியாக ஓடிய சேகா சேனலில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இப்போது விளையாட எளிய வழி, ஸ்விட்ச் பெட்டிக்கான சந்தாவான நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைனின் எக்ஸ்பான்ஷன் பேக். 2022 மார்ச்சில் அதில் சேர்த்தார்கள். ஒரிஜினல் கேட்ரிட்ஜ் தேடுகிறவர்கள் ஐரோப்பியப் பதிப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கே டிவி 50 ஹெர்ட்ஸில் ஓடியதால் கேம் ஜப்பான் பதிப்பைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாக நகரும், இந்த கேமின் உயிரே வேகம்தான். அப்புறம் டிவியில் கேம் மோடைப் போட்டுவிடுங்கள். பட்டனை அழுத்தியதும் திரையில் அசைவு வராவிட்டால் கீழே நான் சொல்லப்போகிற எதுவும் உதவாது.

ஆரம்பத்தில் கதை என்று ஒரு பெரிய எழுத்துச் சுருள் மேலே ஏறிக்கொண்டே போகும். தள்ளிவிடுங்கள். துப்பாக்கி தூக்கிய கழுகுத்தலை வீரன் எப்சிலன் ஈகிள்தான் நீங்கள், அவ்வளவு தெரிந்தால் போதும். டைட்டில் திரையில் மட்டும் ஒரு நொடி நில்லுங்கள். 68000 இதயம் பற்றியெரியும் நேரம் என்று உடைந்த ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். மெகா டிரைவுக்குள் இருந்த மோட்டரோலா 68000 சிப்பைத்தான் சொல்கிறார்கள். பெட்டியின் சிப்புக்கே பாட்டெடுத்த கேம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

கடினத்தில் இரண்டே வகை: சூப்பர் ஈஸி, சூப்பர் ஹார்ட். ரோஷம் பார்க்காமல் சூப்பர் ஈஸியை எடுங்கள். அதில் கன்டினியூ, அதாவது செத்த பிறகும் தொடரும் வாய்ப்பு, எத்தனை முறை வேண்டுமானாலும் உண்டு, விட்ட இடத்திலிருந்து பிறகு தொடர பாஸ்வேர்டும் தருவார்கள். ஹார்டில் பாஸ்வேர்டு கிடையாது, கன்டினியூவும் எண்ணித்தான். ஈஸி என்ற பெயரை நம்பியும் இருந்துவிடாதீர்கள், அதிலேயே நன்றாக அடிப்பார்கள்.

எல்லோரும் செய்கிற தப்பு, நானும் முதல் வாரம் முழுக்க செய்த தப்பு, இதை கான்ட்ரா மாதிரி ஓடிக்கொண்டே சுடுகிற கேம் என்று நினைப்பது. இதில் ஓடுவதற்குப் பெரிதாக இடமே கிடையாது. 25 ஸ்டேஜ், நடுவே வருகிற சில்லறை எதிரிகள் குண்டும் லைஃபும் கொடுக்க வந்தவர்கள், மற்றபடி பாஸ் எனும் பெரிய எதிரி ஒருவன் முடிந்தால் அடுத்த பாஸ். எட்ட நின்று சுட்டால் சண்டை இழுத்துக்கொண்டே போகும், குண்டும் தீரும். இந்த கேமில் பெரிய ஆயுதம் துப்பாக்கி இல்லை, உங்கள் லைஃப் பார்தான்.

எப்படி என்றால், கீழ்த்திசையோடு குதிக்கும் பட்டனை அழுத்தினால் ஈகிள் மின்னல் மாதிரி ஒரு பாய்ச்சல் பாயும், அந்த நேரத்தில் அடி படாது. லைஃப் முழுசாக இருக்கும்போது அதே பாய்ச்சலைச் செய்தால் உடம்பு முழுக்க நெருப்போடு பாயும், வழியில் இருக்கிற பாஸுக்குப் பலத்த அடி. இதுதான் ஃபீனிக்ஸ் ஃபோர்ஸ். ஆனால் ஒரு தடவை பாய்ந்தால் லைஃபில் கொஞ்சம் போய்விடும், முழுசாக இல்லாததால் அடுத்த பாய்ச்சலில் நெருப்பு வராது. அதை நிரப்ப கவுன்டர் ஃபோர்ஸ்: எதிரியின் குண்டு மூக்குக்குப் பக்கத்தில் வரும்போது சுடும் பட்டனை டக்டக்கென்று இரண்டு தரம் தட்டினால் அந்தக் குண்டு லைஃபாக மாறும், போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம். நிரம்பியதும் மறுபடி நெருப்புப் பாய்ச்சல். பாய், தட்டு, பொறுக்கு, பாய். இந்தத் தாளம் விரலில் உட்கார்ந்துவிட்டால் பத்து நிமிடம் திணறவைத்த பாஸ் சில நொடிகளில் சாய்வதைப் பார்ப்பீர்கள்.

அதனால் முதல் அரை மணி நேரம் ஜெயிக்கவே முயற்சி செய்யாதீர்கள். முதல் ஸ்டேஜில் குண்டு விடுகிற ஏதோவொரு எதிரியைக் கொல்லாமல் விட்டுவைத்து அவன் எதிரே நின்று தட்டிப் பழகுங்கள். சீக்கிரம் தட்டினால் வீண், தாமதமானால் அடி. செத்தால் என்ன, கன்டினியூ சும்மாதானே கிடைக்கிறது.

துப்பாக்கிகள் ஆறு, அதில் நான்கைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி குண்டு அளவு. லேன்சர் கட்டாயம் இருக்கட்டும், பயங்கர அடி, ஆனால் குண்டைக் குடித்துத் தீர்க்கும் என்பதால் பாஸுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளேம் எட்டாது, கிட்டே போனால் கொளுத்தும். பஸ்டர் சாதாரண வேலைக்கு. நான்காவதாக மூன்று பக்கம் விரிகிற ரேஞ்சரை நான் எடுப்பேன். ஹோமிங் தானாகத் தேடிப் போய் அடிக்கும் என்பதால் புதியவர்கள் எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், அடி ரொம்பச் சன்னம், எனக்கு அது ஒத்துவரவில்லை.

நின்ற இடத்தில் நின்று குறிவைக்கும் முறை, நகர்ந்துகொண்டே சுடும் முறை என இரண்டு உண்டு, விளையாடும்போதே மாற்றலாம். நகரும் முறையிலேயே தொடங்குங்கள். கூரை இருக்கிற இடங்களில் தலைகீழாகத் தொங்கியும் நடக்கலாம், தரையை நிரப்பி அடிக்கிற பாஸ்களுக்கு அது கைகொடுக்கும். தரையில் நின்றே ஒரு பாஸ் உங்களை ஐந்து முறை கொன்றால், ஆறாவது முறை மேலே ஏறிப் பாருங்கள்.

சை டைகர் என்ற புலிக்காரனையும், வுல்ஃப்கன்பிளட் கரோபா என்று வாயில் நுழையாத பெயர் வைத்த ஓநாயையும் சந்திப்பீர்கள். பின்னால் செவன் ஃபோர்ஸ் வருவான், கன்ஸ்டார் ஹீரோஸ் ஆடியவர்களுக்குப் பழைய ஆள்தான், வடிவம் வடிவமாக மாறுவான். அவனுக்கு முன்னால் லேன்சர் குண்டை மிச்சம் பிடித்து வையுங்கள், நான் பிடிக்கவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க அவனிடமே போய்விட்டது.