வாலில் வாய் இருக்கிற மீன்: சால்மன் இரவுகளில் தவிர்க்க வேண்டியவை

செப்ரெம்பர் கடைசிச் சனிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து மிசிசாகாவில் எரின்டேல் பூங்காப் பக்கம், கிறெடிட் ஆற்றங்கரையில் மூன்று பெடியன்கள் நின்றார்கள். முழங்காலளவு தண்ணீரில் இருபது முப்பது சால்மன்கள் முதுகு தெரிய நின்றன. ஒருவன் பெரிய மும்முனை முள்ளை அவற்றுக்கு அப்பால் எறிந்து, வெடுக் வெடுக்கென்று இழுத்துக்கொண்டிருந்தான். முதல்நாள் இரவு எங்கே இருந்தார்கள் என்பதை வாசமே சொன்னது. நாலாவது இழுப்பில் ஒன்று மாட்டியது, வாயில் அல்ல, வாலுக்குப் பக்கத்தில். உடனே கூச்சல், கைபேசி, படம்.

14 வருடத்துக்கு முந்திய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். உரிமம் எடுங்கள், சறுக்காத சப்பாத்துப் போடுங்கள், குளிருக்கு உடுப்புக் கொண்டுபோங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அதற்கும் ஆள் சொல்லவேண்டும் என்றால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.

மதுச்சாலை முதலில், மீன் பிறகு

ஒன்ராறியோ ஏரிக்கரையில் இலையுதிர் காலம் தொடங்கும்போது, மிசிசாகாவின் ஒரு பகுதியான போர்ட் கிறெடிட்டுக்கு இரண்டு விதமான இரவு வாழ்க்கை உண்டு. ஒன்று லேக்ஷோர் வீதியில். வரிசையாக மதுச்சாலைகள், வெளியே கதிரைகள், செப்ரெம்பரில் சவுத்சைட் ஷஃபிள் என்ற புளூஸ், ஜாஸ் விழா. மற்றது அங்கிருந்து ஐந்து நிமிட நடையில், ஆறு ஏரியோடு சேரும் இடத்தில். அங்கே துறைமுகச் சுவரில் இருட்டுக்குள் முப்பது பேர் பேசாமல் நிற்பார்கள். சுழற்றி எறியும் ஸ்பூன்கள், அதாவது மீனை ஏய்க்கும் கரண்டி வடிவத் தகடுகள், பச்சை மின்மினி போலத் தண்ணீருக்குப் போகும்.

புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒரே இரவில் முடிக்கலாம் என்று நினைக்கிறார்கள். முடிக்கலாம், ஆனால் வரிசையை மாற்றவேண்டும். சால்மன் பகல் வெளிச்சத்தில் ஆழத்தில் கிடந்து, பொழுதுபட்ட பிறகு ஆற்றுவாய்க்குக் கிட்ட வரும். அது வாய் திறக்கும் நேரம் பெரும்பாலும் இருட்டுகிற முதல் ஒன்றிரண்டு மணித்தியாலமும், விடியலுக்கு முந்திய ஒன்றிரண்டு மணித்தியாலமும்தான். எங்கள் பெடியன்கள் ஏழு மணிக்குக் கடைக்குள் போய் பதினொன்றுக்குச் சுவருக்கு வருவார்கள். அதற்குள் மீன் அடங்கிவிடும், நல்ல இடமும் போய்விடும். மாகாணம் முழுக்க இரவு 2 மணிக்கு மது பரிமாறுவது நிற்கும். அதற்குப் பிறகு மதுச்சாலைக் கூட்டத்தில் பாதி சுவருக்கு வந்து, "என்ன பிடிச்சீங்கள்?" என்று கேட்டுக்கொண்டு நாங்கள் தூண்டிலை வீசுகிற பாதையில் நிற்கும். ஒருமுறை ஒருவருடைய தொப்பி என் முள்ளில் மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போனது. தலை போகவில்லை, அதுவரை சந்தோசம்.

விழா நடக்கும் வார இறுதியில் காரில் போகாதீர்கள். தரிப்பிடம் கிடைக்காது. லேக்ஷோர் வெஸ்ட் பாதைக் கோ (GO) ரயிலில் வந்து போர்ட் கிறெடிட்டில் இறங்கி நடந்தால் பத்து நிமிடம்.

ஸ்பூனுக்கு வெளிச்சம் ஏற்றாமல் எறிவது

இருட்டில் ஒளிரும் ஸ்பூன் தானாக ஒளிராது. டோர்ச்சுக்குக் கீழே பிடித்து ஏற்றவேண்டும், சில நிமிடத்தில் மங்கிவிடும், திரும்ப ஏற்றவேண்டும். ஏற்றும்போது தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று ஏற்றுங்கள். தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு ஏரியைப் பார்க்கிற ஆளை அந்தச் சுவரில் ஒருவருக்கும் பிடிக்காது.

காற்றையும் பாருங்கள். வடக்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து ஏரிப்பக்கமாக ஒன்றிரண்டு நாள் காற்று அடித்தால் மேலே இருக்கும் சூட்டுத் தண்ணீர் வெளியே தள்ளப்பட்டு, கீழே இருக்கும் குளிர் தண்ணீர் கரைக்கு ஏறும். அதோடு மீனும் வரும். தெற்குக் காற்றடிக்கிற சூடான இரவென்றால் லேக்ஷோர் வீதியில் பாட்டுக் கேட்பதே மேல்.

தூண்டிலைச் சாய்த்து வைத்துவிட்டுக் கோப்பி வாங்கப் போவது

இங்கே ஏறும் பெரிய சால்மன் இனமான சினூக் தூண்டிலைக் கொண்டுபோய்விடும். என்னுடையதும் ஒன்று அடியில் கிடக்கிறது.

வாயில் மாட்டாத மீனைப் பிடித்த மீன் என்று எண்ணுவது

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

இங்கே வந்து இரண்டாவது வருடம். மச்சானும் நானும் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போர்ட் கிறெடிட்டில் ஒரு மதுச்சாலையில் இருந்தோம். பக்கத்து மேசையில் ஒருவர் ஆறு முழுக்க மீன் என்றார். மச்சான் குடிப்பதில்லை, அவன்தான் கார் ஓட்டினான். வெளிச்சம் வரும்போது ஆற்றுக்குள் நின்றோம். மூன்று மணித்தியாலம் எறிந்தும் ஒரு மீனும் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பூன் மூக்கில் முட்டினால் கொஞ்சம் விலகி நிற்கும், அவ்வளவுதான். பிறகு ஒரு இழுப்பில் தூண்டில் வளைந்தது. அப்பா, என்ன இழுவை! அரை மணித்தியாலம் ஆற்றோடு ஓடி, சறுக்கி, ஒருவாறு கரைக்கு இழுத்தோம். முதுகுச் செட்டைக்குக் கீழே முள். பத்துக் கிலோவாவது இருக்கும். குப்பைப் பையில் சுற்றி டிக்கியில் வைத்தேன். வைக்க முன்பே படம் குடும்பத்துக்கெல்லாம் போய்விட்டது.

தரிப்பிடத்தில் சீருடையில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். பையைத் திறக்கச் சொன்னார். வாயை விரித்துப் பார்த்தார், ஒரு கீறலும் இல்லை. முதுகில் ஓட்டையைப் பார்த்தார். நான் தெரிந்த ஆங்கிலத்தில் வாயில்தான் மாட்டியது என்று சாதித்தேன். அந்தப் பக்கமாக வந்த வயதான அண்ணை ஒருவர் தமிழில் மெல்லச் சொன்னார்: "ஓம் தம்பி, வாலிலை வாய் இருக்கிற மீன் போலை."

மீன் போனது, புதுத் தூண்டில் போனது, சில நூறு டொலர் தண்டம். பிறகு ஒரு வருடம் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் "பெரிய மீன் பிடிச்சனீங்களாமே" என்ற கேள்வி வேறு.

சட்டம் சுருக்கமானது. மீன் தானாக வாயால் முள்ளை எடுக்கவேண்டும். வாயைத் தவிர வேறெங்கே மாட்டினாலும் உடனே திருப்பி விடவேண்டும். வேண்டுமென்று இழுத்துக் குத்துவது தனிக் குற்றம். தற்செயலாக மாட்டியது என்றாலும் கொண்டுபோக முடியாது. இதை வாசித்துவிட்டும் ஆற்றில் ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால், மீனுக்கு அங்கே என்ன நடக்கிறது என்பது வருகிறவர்களுக்குத் தெரியாது.

ஏரியில் மூன்று நாலு வருடம் தின்று கொழுத்த சினூக், முட்டையிட ஆற்றுக்கு ஏறும்போது சாப்பாட்டை நிறுத்திவிடும். குடல் சுருங்கிவிடும். உடம்பில் சேர்ந்த கொழுப்பெல்லாம் முட்டைக்கும் விந்துக்கும் நீந்துவதற்கும் செலவாகும். முட்டையிட்டதும் செத்துப்போகும். பசி என்ற ஒன்றே அதற்கு இல்லை. சில வேளை கோபத்தில் கடிக்கும், சில வேளை பழக்கத்தில் கடிக்கும், அதுவும் தண்ணீர் கலங்கலாக ஓடும்போது. கண்ணாடி போல் தெளிந்த தண்ணீரில், பத்துப் பேர் சுற்றி நிற்க, நூறு முறை எறிந்தாலும் கடிக்காது. அப்போது மனுசனுக்குக் கை துருதுருக்கும். மீனோ கண்முன்னே விறகு அடுக்கினதுபோல் நிற்கிறது. ஒரு வெடுக்கு இழுத்தால் என்ன என்று தோன்றும். அந்த இடத்தில்தான் எல்லாம் பிழையாகப் போகிறது.

இதைவிட நுணுக்கமான பிழை ஒன்று இருக்கிறது. அதைச் செய்கிறவர்களுக்கே தெரியாது. ஈயக்குண்டுக்குக் கீழே நீளமாகத் தங்கூசி (தூண்டில் நரம்பு) விட்டு, சின்ன முள்ளைக் கட்டி, ஓட்டத்தில் மிதக்கவிடுவார்கள். மீன் மூச்சுக்காக வாயைத் திறந்து மூடிக்கொண்டே நிற்கும். ஓடுகிற தங்கூசி அந்த வாய்க்குள்ளால் அறுத்துக்கொண்டு போய், கடைசியில் முள் தாடையில் வெளிப்பக்கமிருந்து உள்ளே குத்தும். வாயில்தானே மாட்டியது என்பார்கள். முள் எந்தப் பக்கமிருந்து போயிருக்கிறது என்று பாருங்கள். உள்ளிருந்து வெளியே என்றால் மீன் கடித்தது. வெளியிலிருந்து உள்ளே என்றால் நீங்கள் குத்தியது.

மாட்டின இடம் கையிலேயே தெரியும். வாயில் மாட்டிய மீன் தலையை ஆட்டும், தூண்டில் நுனி டக் டக்கென்று அடிக்கும். உடம்பில் மாட்டியது தலையாட்டாமல் ஒரே பாரமாக, அரிசி மூட்டையை ஆற்றோடு இழுப்பதுபோல் கீழே ஓடும். தலையைத் திருப்ப வழியில்லாததால்தான் அந்த இழுவை. அதைப் பெரிய மீன் என்று நினைத்து அரை மணித்தியாலம் போராடுவதுதான் என்னைப் போன்றவர்கள் செய்த முட்டாள்தனம். முட்டை நிறைந்த மீன், மிச்சம் இருக்கும் பலத்தை உங்கள் கையில் செலவழித்துவிட்டால் பிறகு அது மேலே ஏறாது. ஆகவே உணர்ந்த உடனே தூண்டிலை மீன் பக்கம் நேராக நீட்டி, ரீலை இறுக்கிப் பிடித்துத் தங்கூசியை அறுத்துவிடுங்கள். போவது இரண்டு டொலர் முள்.

ஆற்றில் ஒழுங்காகப் பிடிக்கவே முடியாதா? முடியும். மிதவைக்குக் கீழே முட்டைப் பொட்டலம் கட்டி, மீனின் தலை மட்டத்துக்கு விட்டு, நிற்கிற மீனை விட்டுவிட்டு ஏறிவருகிற மீனைத் தேடுங்கள். மழை பெய்து தண்ணீர் கூடி, நிறம் மாறிய அடுத்த நாள் போங்கள். மிதவை அமிழ்ந்தால் தூண்டிலைச் சும்மா தூக்கினால் போதும், வெடுக்கென்று இழுக்கத் தேவையில்லை. இதற்கும் பொறுமை இல்லாதவர் சுவருக்கு வரவேண்டும். ஏரியில் நிற்கும் மீனுக்கு இன்னும் வாய் இருக்கிறது.

இந்த ஆற்றுக்குக் கிறெடிட் என்ற பெயர் வந்ததே 18ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார வணிகர்கள் மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களுக்குக் கடனுக்குப் பொருள் கொடுத்து, அடுத்த வசந்தத்தில் தோலாக வாங்கிக்கொண்டதால்தான். அதன் கரையில் நின்று வாய்க்கும் முதுகுக்கும் வித்தியாசம் தெரியாத மாதிரி நடிக்க எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

கறுத்த மீனைக் குழம்பு வைப்பது

ஊரில் சால்மனைச் சமன் என்போம், அது பேணிக்குள் இருக்கிற மீன். இங்கே முழுசாக ஒன்று கிடைத்ததும் ஆளுக்கு ஆசை பொங்கிவிடும். ஏரியில் பிடித்த சால்மன் வெள்ளி போல் மின்னும், தசை செம்மஞ்சளாக இருக்கும். ஆற்றில் சில வாரம் கிடந்தது பச்சையும் மண்ணிறமுமாகக் கறுத்து, தசை வெளிறி, களிமண் மாதிரி ஆகிவிடும். எத்தனை கரண்டி மிளகாய்த்தூள் போட்டாலும் சரிவராது. என் மனைவி ஒருமுறை பழப்புளி, வெந்தயம் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, சட்டியோடு வெளியே வைத்தாள். நரி கூட முகர்ந்துவிட்டுப் போனது.

வெள்ளி மீனிலும் ஒரு கவனம் வேண்டும். எந்த ஏரியில், எந்த மீனை, எவ்வளவு நீளமென்றால் மாதத்தில் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று ஒன்ராறியோ அரசு ஒரு கையேடு வைத்திருக்கிறது. பழைய தொழிற்சாலைக் கழிவான பிசிபி கொழுப்பில் சேரும், பாதரசம் தசையில் சேரும், பெரிய மீனில் இரண்டும் கூட. தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் வெட்டி எறிந்தால் பிசிபி குறையும், பாதரசம் குறையாது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அளவு இன்னும் குறைவு. பெரிய மீனை விட்டுவிட்டு நடுத்தரத்தைக் கொண்டுபோங்கள், குழம்புக்கும் அதுதான் நல்லது.

முட்டையை எடுத்துவிட்டு மீனைப் புதருக்குள் எறிவது

இப்படிச் செய்கிறவரோடு நான் கதைப்பதில்லை.

படகும் பியரும்

மோட்டார் படகைக் குடித்துவிட்டு ஓட்டுவதும் கனடாவில் குற்றவியல் சட்டத்தின்படி காரைக் குடித்துவிட்டு ஓட்டுவது போலத்தான். அகப்பட்டால் கார் உரிமமும் சேர்ந்து போகும். சுவரில் நின்று பியர் கானைத் திறப்பதும் அனுமதி இல்லாத பொது இடமென்றால் தண்டம். கோப்பி குடியுங்கள்.

இது எங்கட மீன் என்று சண்டை பிடிப்பது

சினூக் பசிபிக் கடல் மீன். ஒன்ராறியோ ஏரிக்குச் சொந்தமான அத்திலாந்திக் சால்மன், ஆறுகளில் அணை கட்டியும் காடு வெட்டியும் அளவுக்கு மிஞ்சிப் பிடித்தும் 19ஆம் நூற்றாண்டு முடியமுன்பே அழிந்துவிட்டது. 1960களின் கடைசியிலிருந்து பசிபிக் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சுவரில் நிற்கிற முக்கால்வாசிப் பேரைப் போல அதுவும் வந்து குடியேறியதுதான். ஆகவே இடத்துக்குச் சண்டை வேண்டாம். பக்கத்து ஆளுக்குப் பெரிய மீன் மாட்டினால் உங்கள் தங்கூசியைச் சுற்றி எடுத்து வழி விடுங்கள். சுவர் உயரம் என்பதால் நீளப் பிடி வலையோடு யாராவது ஓடவேண்டும். அந்த ஆள் நீங்களாக இருந்தால் அடுத்த வெள்ளி உங்களுக்கு இடம் பிடித்து வைப்பார்கள்.

அந்த மூன்று பெடியன்களுக்கும் அன்று விடிய இதில் கால்வாசிதான் சொன்னேன். இரண்டு பேர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார்கள். மீனைப் பிடித்தவன் மட்டும் முள்ளைக் கழற்றி, ஓட்டத்துக்கு எதிரே தலையைப் பிடித்து, அது வாலை அடிக்கும்வரை தண்ணீருக்குள் குந்தியிருந்தான். பிறகு கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"அண்ணை, சுவருக்கு எத்தனை மணிக்கு வரவேணும்?"

"நாலு மணிக்கு. கோப்பி நீ வாங்கிக்கொண்டு வா."