மலை ஏறும்போது மேப் அணையாமல் இருக்க: வண்டி வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டுப்பாளையத்தில் முழு சார்ஜோடு கிளம்பிய போன் ஊட்டி வந்து சேர்வதற்குள் மளமளவென்று இறங்கிவிடும். திரை முழு வெளிச்சத்தில் எரிகிறது, ஜிபிஎஸ் ஓயாமல் ஓடுகிறது. இது போதாதென்று, காட்டு வளைவுகளில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் டவரைத் தேடியே போன் நிறைய சக்தியைச் செலவழிக்கும். போனோ தனி நேவிகேட்டரோ, சார்ஜில் போட்டுத்தான் ஓட்டியாக வேண்டும். அந்த கரண்டை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான கோளாறு ஆரம்பிக்கிறது.

பலர் முதலில் கை வைப்பது ஸ்டீரியோவில் இருக்கும் யூஎஸ்பி ஓட்டையில். பழைய வண்டிகளில் அது பாட்டு கேட்க வைத்தது. அரை ஆம்பியர்தான் தரும். மேப் ஓடும் போனுக்கு அது காணாது. சார்ஜ் ஏறும் குறி தெரியும், சதவீதம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். கேபிள் மட்டம் என்று நினைத்து ஆளுக்கு மூன்று கேபிள் வாங்கியிருப்பார்கள்.

அடுத்தது சிகரெட் லைட்டர் சாக்கெட். சமவெளியில் ஒழுங்காக வேலை செய்யும் மலிவு சார்ஜர், கொண்டை ஊசி வளைவுகளில் காலை வாரும். காரணம் எளிது. பிளக்கின் நுனியில் ஸ்பிரிங் மேல் நிற்கும் ஒரு சின்ன உலோகக் குமிழ், பக்கத்தில் இரண்டு தகடு, இவ்வளவுதான் பிடிமானம். வண்டி ஆடும்போதெல்லாம் குமிழ் தொட்டு விலகும். தொடர்பு விட்டு விட்டு வந்தால் அந்த இடம் சூடாகும், பிளாஸ்டிக் இளகும். பிளக்கைத் தொட்டால் சுடுகிறது என்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். இன்னொன்று, பல பிளக்குகளின் நுனி மூடியைத் திருகினால் உள்ளே ஒரு கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். ஓடும் வண்டியில் அதைக் கழற்றினால் குமிழ் சீட்டுக்கு அடியில் உருண்டு போகும், அப்புறம் கிடைக்காது.

சாக்கெட் வேண்டாம், வயர் வெளியே தெரியாமல் உள்ளேயே இழுத்துவிடலாம் என்று முடிவு செய்பவர்கள் செய்யும் தவறுதான் எல்லாவற்றிலும் விலை அதிகமானது. நேவிகேட்டரோடு வந்த சார்ஜரின் தலையை வெட்டி எறிந்துவிட்டு, வயரை நேராக 12 வோல்ட்டில் கொடுத்துவிடுவார்கள். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் சர்க்யூட் அந்தத் தலைக்குள்தான் இருக்கிறது. என்ஜின் ஓடும்போது வண்டியில் இருப்பது 14 வோல்ட்டுக்கு அருகில். கருவி அத்தோடு சரி. 12-க்கு 5 வோல்ட் கன்வர்ட்டர் தனியாகக் கிடைக்கிறது, 3 ஆம்பியர் தாங்குவதாக வாங்குங்கள். லாரி, பஸ் என்றால் 24 வோல்ட், அதற்கும் ஏற்றதா என்று மேலே அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். கன்வர்ட்டரைத் திரைக்குப் பக்கத்திலேயே, டேஷ்போர்டுக்கு உள்ளே வைக்க வேண்டும். 12 வோல்ட் வயர் நீளமாக இருக்கலாம், 5 வோல்ட் கேபிள் குட்டையாக இருக்க வேண்டும். மூன்று மீட்டர் மெல்லிய யூஎஸ்பி கேபிளில் ஒரு ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும்.

கார்மின் போன்ற சில தனி நேவிகேட்டர்களுக்கு இன்னொரு குணம் உண்டு: சாதாரண டேட்டா கேபிளைச் சொருகினால் கணினியில் மாட்டியதாக நினைத்துக்கொண்டு மேப்பையே காட்டாது. அதற்கென்று வரும் வண்டிக் கேபிள்தான் வேண்டும்.

ஃபியூஸ் பாக்ஸிலிருந்து எடுப்பதானால் ஃபியூஸ் டேப் (fuse tap: ஃபியூஸ் இருக்கும் இடத்தில் சொருகி, தனி ஃபியூஸோடு கிளை வயர் எடுக்கும் சின்ன இணைப்பான்) போட்டு எடுங்கள். ஏதோ ஒரு வயரைச் சுரண்டி, முறுக்கி, ஒட்டும் இன்சுலேஷன் டேப் சுற்றும் வேலை மலையில் நிற்காது. ஈரத்தில் செம்பு பச்சை பூக்கும், டேப்பின் பசை விட்டுவிடும். ஸ்டீரியோ சர்க்யூட்டில் எடுக்கலாம். ஏர்பேக், ஏபிஎஸ், என்ஜின் கம்ப்யூட்டர் பக்கம் போகவே கூடாது. மஞ்சள் உறை போட்ட வயர் தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக், கையை எடுங்கள். 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். அது அடிக்கடி போகிறதே என்று 20 போடுவதும், செம்புக் கம்பியை மடித்துச் சொருகுவதும் நம் ஊரில் சர்வ சாதாரணம். ஃபியூஸ் காப்பாற்றுவது கருவியை அல்ல, வயரை. மெல்லிய வயருக்குப் பெரிய ஃபியூஸ் போட்டால் ஷார்ட் ஆகும்போது முதலில் எரிவது வயர்தான்.

சாவியை எடுத்தால் கரண்ட் நிற்கும் லைனாக இருக்கிறதா என்பதும் முக்கியம். திரை எரியும் நேவிகேட்டர் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய அரை ஆம்பியர் இழுக்கும். இரவு 12 மணி நேரத்தில் 6 ஆம்பியர்-அவர். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி புதிதாக இருந்தால் தாங்கும். ஜனவரி உறைபனியில் வெளியே நின்ற, மூன்று வயதான பேட்டரி தாங்குமா? குளிரில் பேட்டரியின் சக்தி குறையும், ஸ்டார்ட்டருக்கோ கூடுதல் சக்தி வேண்டும். காலையில் தள்ளிவிட ஆள் தேட வேண்டியதுதான்.

வயரை ஓட்டும்போது கண்ணாடி ஓரத் தூணில் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் அதற்குப் பின்னால் போகட்டும், குறுக்கே முன்னால் வரக் கூடாது. பெடலுக்கு மேலே தொங்கும் வயரை இரண்டு இடத்தில் டை போட்டுக் கட்டுங்கள். இறக்கத்தில் பிரேக்குக்கும் காலுக்கும் நடுவில் வயர் சிக்குவது விளையாட்டல்ல.

ஏசி வென்ட்டில் மாட்டும் ஹோல்டர் கோவைக்குச் சரி. இங்கே மலை மேல் மூடுபனியில் ஹீட்டர் போட்டால் சூடான காற்று நேராகப் போனின் முதுகில் அடிக்கும். போன் சூடானால் சார்ஜ் ஏறுவதைத் தானே குறைத்துக்கொள்ளும். எவ்வளவு நல்ல வயரிங் செய்தும் பயனில்லாமல் போகும் இடம் இது. டேஷ்போர்டு மேல் ஒட்டும் ஹோல்டர் இதைவிட நல்லது. கண்ணாடியில் ஒட்டுவதானால் வைப்பர் துடைக்கும் பகுதியில் பார்வையை மறைக்காத மூலையில்.

வாடகை வண்டிகளில் விதிப்படி பொருத்திய கண்காணிப்பு ஜிபிஎஸ் கருவியின் வயரிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். அதன் மின்சாரம் அறுந்தால் எச்சரிக்கை அனுப்பும் வகையில் அமைத்திருக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் கடை வாசலில் மேப் தெரிகிறது என்று பணம் கொடுத்துவிட வேண்டாம். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முட்டும் வரை திருப்பி, ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் மூன்றையும் போட்டு, சார்ஜ் குறி ஒரு நொடிகூட மறையவில்லையா என்று பாருங்கள். அப்புறம் சாவியை எடுத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து கன்வர்ட்டர் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் சாவி எடுத்த பிறகும் அந்த லைன் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும்.