டிசைன் சாஃப்ட்வேரா, சைட் சாஃப்ட்வேரா: முதலில் எதை வாங்குவது?

நாலைந்து வீடுகளை ஒரே நேரத்தில் கட்டிக்கொண்டிருக்கும் சின்ன கான்ட்ராக்டரோ, புதிதாக ஆபீஸ் போட்ட சிவில் இன்ஜினீயரோ "ரெவிட் வாங்கலாமா, இல்லை சைட் மேனேஜ்மென்ட் ஆப் ஏதாவது வாங்கலாமா" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போன மூன்று மாதத்தில் உங்கள் காசு எங்கே போயிற்று, பிளானிலா, சைட்டிலா? இதற்குப் பதில் தெரியாமல் எதை வாங்கினாலும் கொஞ்ச நாளில் அதைத் திறக்கக்கூட மாட்டீர்கள். சந்தா மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

ஆட்டோகேட், ரெவிட், ஆர்க்கிகேட், ஸ்கெட்சப் எல்லாம் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை வரைய. எம்எஸ் பிராஜெக்ட், பிரைமவேரா, புரோகோர், அப்புறம் இப்போது செல்போனிலேயே வரும் சைட் ஆப்கள் எல்லாம், அந்தக் கட்டடம் எந்தத் தேதியில், எத்தனை ஆளை வைத்து, எவ்வளவு சிமென்ட்டில் எழும்புகிறது என்று கணக்கு வைக்க. விற்க வருபவர் "எங்களுடையதில் இரண்டுமே இருக்கிறது சார்" என்பார். இருக்கும்தான், ஆனால் ஒன்று ஒழுங்காக இருக்கும், இன்னொன்று பேருக்கு இருக்கும்.

அதனால் முதலில் ஒரு நோட்டை எடுத்து, மூன்று மாதத்தில் நடந்த சொதப்பல்களை எல்லாம் எழுதுங்கள். தொகையோடு எழுதுங்கள், தோராயமாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டுக்காரர் "நான் நினைத்த எலிவேஷன் (முகப்பு) இது இல்லையே" என்று சண்டை போட்டது, படிக்கட்டுக்கு மேலே தலை இடித்தது, எஸ்டிமேட்டில் செங்கல் குறைந்தது இதெல்லாம் டிசைன் கணக்கு. சிமென்ட் மூட்டை எண்ணிக்கை இடித்தது, சனிக்கிழமை கூலி போடும்போது ஆள் கணக்கு ஒத்துவராதது, டைல்ஸ் வந்து இறங்கிய பிறகும் பூச்சு முடியாதது இதெல்லாம் சைட் கணக்கு.

பிரிப்பது சுலபம் மாதிரி தெரியும், நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு வீட்டில் வீட்டுக்கார அம்மா சமையலறை ஜன்னலை இரண்டடி தள்ளி வைக்கச் சொன்னார். அன்றைக்கே டிராயிங்கைத் திருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று. மேஸ்திரி கையில் இருந்ததோ மூன்று வாரத்துக்கு முந்தைய பிரிண்ட், மடிப்பில் கிழிந்து, சிமென்ட் அப்பிக் கிடந்தது. லிண்டல் (ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) மட்டம் வரைக்கும் சுவர் வந்த பிறகுதான் பார்த்தோம். உடைத்துக் கட்டிய செலவு என் தலையில். ஜன்னல் சம்பந்தப்பட்டது என்பதால் டிசைன் தப்பு என்று எடுத்துக்கொண்டு, போய் 3டி சாஃப்ட்வேர் வகுப்புக்குப் பணம் கட்டினேன்! டிராயிங் சரியாகத்தான் இருந்தது, புதுசு எது பழசு எது என்று சைட்டில் தெரியவில்லை என்பது பிறகுதான் மண்டையில் ஏறியது. அது சைட் சாஃப்ட்வேர் தீர்க்கிற பிரச்சினை.

நோட்டில் டிசைன் பக்கம்தான் கனமாக இருக்கிறதா? சரி, அப்போதும் நேராக ரெவிட்டுக்குப் போக வேண்டாம். அப்ரூவலுக்குப் பிளான் போடுவதும், கம்பி டீடெயில் கொடுப்பதும்தான் வேலை என்றால் ஆட்டோகேட் எல்டி போதும், அதில் 2டி மட்டும்தான், ஆனால் உங்களுக்குத் தேவையும் அதுதான். வீட்டுக்காரருக்கு முகப்பு காட்ட வேண்டும் என்றால் ஸ்கெட்சப்பை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். ரெவிட், ஆர்க்கிகேட் வேறு ரகம். ஆட்டோகேடில் சுவர் என்பது இரண்டு கோடு, ரெவிட்டில் சுவருக்குத் தான் சுவர் என்று தெரியும். பிளானில் ஜன்னலை நகர்த்தினால் எலிவேஷன், செக்ஷன் (குறுக்கு வெட்டுப் படம்), ஜன்னல் பட்டியல் எல்லாம் தானாக மாறும். அடிக்கடி திருத்தம் வரும் அபார்ட்மென்ட் வேலைக்கு இது வரம். ஆனால் கை பழக மாதக் கணக்கில் ஆகும், விண்டோஸில் மட்டும்தான் ஓடும், புது வெர்ஷனில் சேமித்த ஃபைலைப் பழைய வெர்ஷனில் திறக்க முடியாது. உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் எந்த வெர்ஷன் வைத்திருக்கிறார் என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

"ரெவிட் வாங்கினால் குவான்டிட்டியும் (எது எவ்வளவு என்ற அளவுக் கணக்கு) வந்துவிடுமே, சைட் சாஃப்ட்வேர் எதற்கு" என்று ஒரு வாதம் உண்டு. வரும். ஆனால் அது கம்ப்யூட்டரில் வரைந்த மாடலின் அளவு, பில்லின் அளவு இல்லை. பூச்சு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 4 அடிக்கு 4 அடி ஜன்னல், 16 சதுர அடி. மாடல் சுவரின் இரண்டு பக்கமும் அந்த 16-ஐக் கழித்துவிடும். கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1200 முறைப்படி அளந்தால், அரை சதுர மீட்டருக்கு மேல் 3 சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்கு, இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால், ஒரு பக்கம்தான் கழிவு. ஜன்னலின் உள்பக்க ஓரங்களைப் பூசுவதற்கு அது ஈடு. பத்து ஜன்னல் என்றால் 160 சதுர அடி வித்தியாசம். இதை முன்கூட்டியே பேசாமல் கம்ப்யூட்டர் பிரிண்ட்டை நீட்டினால் பூச்சு கான்ட்ராக்டர் சும்மா இருக்க மாட்டார், இருக்கவும் கூடாது.

சைட் பக்கம் கனம் என்றால், ஆட்களும் சரக்கும்தான் பிரச்சினையா, தேதிதான் பிரச்சினையா என்று இன்னொரு முறை பிரியுங்கள். தேதி என்றால் எம்எஸ் பிராஜெக்ட் மாதிரி ஒன்று, காசில்லாமல் வேண்டும் என்றால் புராஜெக்ட்லிப்ரே. திறந்ததும் முதல் வேலை காலண்டரை மாற்றுவது. எம்எஸ் பிராஜெக்டில் வழக்கமாக வரும் காலண்டரில் சனிக்கிழமை லீவு; நம் சைட்டில் அன்றைக்குத்தான் சம்பளம், யாரும் வராமல் இருக்க மாட்டார்கள்! பொங்கலுக்கு ஊருக்குப் போனால் ஆள் திரும்ப எத்தனை நாள் ஆகும் என்பதையும் நீங்கள்தான் போட வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 படி சாதாரண சிமென்ட்டில் 4.5 மீட்டர் வரையுள்ள ஸ்லாபுக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் போனால் 14 நாள் நிற்க வேண்டும். இந்தக் காத்திருப்பை அட்டவணையில் தனி வேலையாகப் போடாவிட்டால், ரூஃப் போட்ட மறுநாளே கீழே பூச்சு ஆரம்பிக்கலாம் என்று சாஃப்ட்வேர் அழகாகக் காட்டும்.

ஆட்களும் சரக்கும் என்றால் செல்போன் ஆப்தான் சரி. டிரையலில் டெமோ பிராஜெக்டைப் பார்த்து மயங்க வேண்டாம், நீங்கள் ஏற்கெனவே முடித்த ஒரு வீட்டின் பில்களை எடுத்து உள்ளே போடுங்கள். எம் சாண்ட் யூனிட் கணக்கில் வருகிறது, அதாவது 100 கன அடி. ஆப் கன மீட்டரில் மட்டும் கேட்டால் தினமும் யார் மாற்றிக்கொண்டிருப்பது? கம்பி எடைச் சீட்டில் கிலோவில் இருக்கும், கம்பி வேலைக்காரர் நீளத்தில் எண்ணுவார். 12 எம்எம் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.89 கிலோ, 12 மீட்டர் நீளம் ஒன்று 10.7 கிலோ பக்கம். இரண்டு விதமாகவும் பதிய முடிகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் போனை மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று சொல்லித்தராமல், இன்றைய ஆள் கணக்கைப் போடச் சொல்லுங்கள். தமிழ் இருக்கிறதா, சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்தது பிறகு ஏறுகிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர் திணறினால் அந்த ஆப்பில் பதிகிற வேலை ராத்திரி உங்கள் தலையில்தான் விழும்.

டிரையல் முடிவதற்கு இரண்டு நாள் முன்னால், போட்ட எல்லாவற்றையும் எக்ஸெலில் இறக்கிப் பாருங்கள். வெறும் பிடிஎஃப் மட்டும்தான் வருகிறது என்றால், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் அதை வாங்காதீர்கள்.