வட்டுப் படிம மாற்றத்தைச் சோதிப்பது எப்படி: கியூஎமு பயன்படுத்துவோருக்கான வழிகாட்டி

மெய்நிகர் இயந்திரம் (கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினி) ஒன்றை வேறொரு மென்பொருளுக்குக் கொண்டுபோகும்போது அதன் வட்டுப் படிமத்தின், அதாவது அதன் வட்டு முழுவதையும் தாங்கும் கோப்பின், வடிவத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது. மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் கியூஎமு மென்பொருளுடன் வரும் கியூஎமு-இமேஜ் கருவியின் கன்வெர்ட் கட்டளை இதைச் செய்து முடித்து, பிழை எதுவும் காட்டாமல் 0 என்ற எண்ணோடு வெளியேறும். கருவி தான் படித்ததை எழுதி முடித்துவிட்டது என்பதைத் தவிர அந்த 0 வேறெதையும் சொல்வதில்லை. மூலத்தில் இருந்த ஒவ்வொரு பைட்டும் அதே இடத்தில் அப்படியே கிடைக்கிறதா என்பதை நாம்தான் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

உண்மையான சர்வர் படிமத்தில் சோதனையைத் தொடங்காதீர்கள். உள்ளடக்கம் முழுவதும் முன்கூட்டியே தெரிந்த சிறிய மாதிரிப் படிமம் ஒன்றை நீங்களே உருவாக்குங்கள். அது ரா வடிவத்தில் இருக்கட்டும். தலைப்பகுதியோ அட்டவணையோ இல்லாத வடிவம் என்பதால், கியூஎமுவின் உதவியே இல்லாமல் பைத்தானில் சில வரிகளில் எழுதிவிடலாம். நான் பயன்படுத்தும் மாதிரியின் அளவு 64 எம்பியும் அதற்கு மேல் 512 பைட்டும், அதாவது 67109376 பைட்டுகள். கியூஎமுவின் சொந்த வடிவமான கியூகவ்2, தரவைக் கிளஸ்டர் எனும் துண்டுகளாகச் சேமிக்கிறது; ஒரு கிளஸ்டரின் இயல்பான அளவு 64 கேபி. மாதிரியின் அளவு அதன் மடங்காக இல்லாததால், கடைசிக் கிளஸ்டர் முழுமையாக நிரம்பாத நிலையும் சோதனைக்குள் வந்துவிடுகிறது.

மாதிரி முழுவதையும் ஒரே பைட்டால் நிரப்பினால் செக்டர்கள் (வட்டின் 512 பைட் துண்டுகள்) இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. எனவே ஒவ்வொரு செக்டரிலும் அதன் வரிசை எண்ணையே, 1 முதல் எண்ணி, 8 பைட்டுகளாக (சிறிய மதிப்புள்ள பைட் முதலில்) 64 முறை எழுதுங்கள். முதல் 16 எம்பியை இப்படி நிரப்பிவிட்டு, அடுத்த 16 எம்பியில் எதுவும் எழுதாமல் தாண்டிச் சென்று கோப்பில் வெற்றிடமாக விடுங்கள். அதற்கடுத்த 16 எம்பியில் சுழியங்களையே தரவாக எழுதுங்கள். எஞ்சிய 16 எம்பியில் ஒவ்வொரு 4 கேபிக்கும் ஒரே ஒரு செக்டரில் மட்டும் எண்ணை எழுதி, மற்ற ஏழையும் சுழியமாக விடுங்கள். இறுதியில் மிஞ்சும் ஒற்றைச் செக்டரின் எண் 131073. பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டி கருவியில் அதைத் திறந்து பார்த்தால் 01 00 02 00 என்று தொடங்கி நான்கு சுழியங்களோடு முடியும் எட்டு பைட்டுகள், வரிக்கு இரண்டு முறையாக, 32 வரிகளில் தெரிய வேண்டும்.

சுழியங்களுக்கு இவ்வளவு இடம் ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு. இடத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கன்வெர்ட் கட்டளை வெற்றுப் பகுதிகளை எழுதாமல் தாண்டுகிறது. தொடர்ந்து 4 கேபி சுழியமாக இருந்தால் தாண்டலாம் என்பது அதன் இயல்பு அமைப்பு. எது வெற்றிடம், எது தரவு என்ற இந்த முடிவில் தவறு நேர்ந்தால் தரவு சத்தமில்லாமல் சுழியமாகிவிடும். கியூஎமு முன்பு இதற்காக ஃபைமேப் என்ற லினக்ஸ் வசதியை நாடியது. எழுதப்பட்டும் இன்னும் வட்டில் இடம் ஒதுக்கப்படாத தரவை அது வெற்றிடம் என்று காட்டக்கூடும் என்பதால், பின்னர் அதைக் கைவிட்டது.

இப்போது மாதிரியை கியூகவ்2 ஆக மாற்றுங்கள். மூல வடிவத்தைச் சிறிய எஃப் விருப்பத்தாலும் இலக்கு வடிவத்தைப் பெரிய ஓ விருப்பத்தாலும் கட்டாயம் குறிப்பிடுங்கள். மூல வடிவத்தைச் சொல்லாவிட்டால் கருவி கோப்பின் தொடக்கத்தைப் பார்த்து ஊகிக்கும். ரா படிமத்தின் முதல் செக்டரில் விருந்தினர் இயங்குதளம் (மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் இயங்குதளம்) எதை வேண்டுமானாலும் எழுத முடியும் என்பதால், அந்த ஊகம் பாதுகாப்புக்கே ஆபத்து.

மாற்றம் முடிந்ததும் செக் கட்டளையை இயக்குங்கள். அது 0 தந்தால் இலக்குக் கோப்பின் உள்கட்டமைப்பு சரி. 2 என்றால் சிதைவு. 3 என்றால் சிதைவு இல்லை, ஆனால் பயன்படாத கிளஸ்டர்கள் கசிந்திருக்கின்றன. 63 என்றால் அந்த வடிவத்துக்கு இந்தச் சோதனையே இல்லை. ரா படிமத்தில் 63 வருவதைப் பார்த்துப் பதற்றப்பட வேண்டியதில்லை. அடுத்து, மூலத்தையும் இலக்கையும் கம்பேர் கட்டளையால் ஒப்பிடுங்கள். 0 என்றால் ஒன்று, 1 என்றால் வேறுபாடு.

ஆனால் கம்பேர் ஒரு விஷயத்தில் தாராளமாக நடந்துகொள்கிறது. இரு படிமங்களின் அளவு வேறாக இருந்தாலும், மிகுதிப் பகுதி சுழியமாக இருந்தால், ஓர் எச்சரிக்கையோடு இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடும். மைக்ரோசாஃப்டின் விஎச்டி வடிவத்துக்கு மாற்றிய ஒரு படிமத்தில் நான் இதைக் கவனிக்கத் தவறினேன். கியூஎமு அந்த வடிவத்துக்கு மாற்றும்போது, பழைய சிலிண்டர் கணக்குக்குப் பொருந்துமாறு அளவைச் சற்றுக் கூட்டக்கூடும். வட்டின் பார்டிஷன்களைப் பட்டியலிடும் ஜிபிடி அட்டவணையின் மாற்றுப் பிரதி வட்டின் இறுதியில் இருக்க வேண்டியது. வட்டு நீண்டதால் அது நடுவில் நின்றுவிட்டது, பார்டிஷன் கருவிகள் புகார் சொல்லத் தொடங்கின. ஃபோர்ஸ்-சைஸ் விருப்பத்தை இயக்கி மறுபடி மாற்றிய பிறகே அளவு பொருந்தியது. ஆகவே இன்ஃபோ கட்டளை காட்டும் மெய்நிகர் அளவை இரு பக்கமும் பைட் கணக்கில் தனியாக ஒப்பிடுங்கள்.

கம்பேர் கட்டளைக்கு இன்னொரு வரம்பும் உண்டு. கன்வெர்ட் எந்த நிரலால் கோப்பைப் படித்ததோ, அதே நிரலால்தான் கம்பேரும் படிக்கிறது. படிப்பதிலேயே பிழை இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஏமாறும். நாம் தயாரித்த மாதிரி இங்கேதான் கைகொடுக்கிறது. கியூகவ்2 படிமத்தைத் திரும்ப ரா ஆக மாற்றி, ஷா256 ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்) முதல் மாதிரியுடையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இதைவிட வலுவான சோதனை, இலக்கு வடிவத்தை வேறொரு மென்பொருளைக் கொண்டு படிப்பது: கியூஎமு எழுதிய விடிஐ (விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளின் வடிவம்) படிமத்தை அந்த விர்ச்சுவல்பாக்ஸின் விபாக்ஸ்மேனேஜ் கருவியால் ரா ஆக்கி, அதற்கும் ஹாஷ் எடுங்கள். எழுதுபவரும் படிப்பவரும் வேறு வேறாக இருக்கும்போதுதான் சோதனைக்கு முழு மதிப்பு.

மாதிரி தேறிய பிறகு உண்மையான படிமத்துக்கு வாருங்கள். இயந்திரத்தை முறையாக நிறுத்திவிட்டே மாற்றுங்கள். 2017இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து கியூஎமு படிமங்களைப் பூட்டி வைக்கிறது, அந்தப் பூட்டை மீறும் விருப்பத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கியூகவ்2 உள்ளே சேமித்த ஸ்னாப்ஷாட்டுகள் (வட்டின் முந்தைய நிலைகளின் பதிவுகள்) புதிய படிமத்துக்கு வாரா. அடிப்படைப் படிமத்தின் மேல் அடுக்காக இருந்தவை ஒரே கோப்பாக ஒன்றுசேரும். புதிய படிமத்தை முதலில் ஸ்னாப்ஷாட் விருப்பத்தோடு பூட் செய்யுங்கள். எழுதப்படுபவை தற்காலிகக் கோப்புக்குப் போவதால், படிமம் மாறாமல் இருக்கும், பிறகும் ஹாஷ் எடுக்கலாம்.

கியூஎமுவையே மூலநிரலிலிருந்து தொகுப்பவர்கள் அதனுடன் வரும் ஐஓடெஸ்ட்ஸ் சோதனைத் தொகுப்பையும் இயக்க வேண்டும். அதில் 122 என்ற எண்ணுள்ள சோதனை கன்வெர்ட் கட்டளையின் சிக்கலான நிலைகளுக்கானது. ஒவ்வொரு சோதனையின் வெளியீடும் முன்பே சேமித்த எதிர்பார்ப்புக் கோப்போடு வரிக்கு வரி ஒப்பிடப்படும். வேறுபட்ட வரிகள் திரையில் தெரியும், அவற்றையே பிழை அறிக்கையில் இணைத்து அனுப்பலாம்.