செட்டிநாட்டு வெயிலுக்கேற்ற பாலிமர் கலந்த தார்

காரைக்குடி, தேவகோட்டைப் பகுதியின் கோடை வெயிலில் தார் இளகிச் சாலையில் சக்கரத்தடம் பள்ளமாகப் பதியாமலிருக்க, எஸ்.பி.எஸ். என்னும் ரப்பர்த்தன்மையுள்ள பாலிமரைத் தாரின் எடையில் 3 முதல் 5 விழுக்காடு வரை சேர்க்கலாம். தாரை ஏறத்தாழ 180 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, பாலிமரைச் சிறிது சிறிதாகத் தூவி, அதிவேகக் கலவை இயந்திரத்தில் கட்டியின்றிச் சீராகும்வரை கலக்க வேண்டும். சூடு மிகுந்தால் பாலிமர் சிதைந்து, செலவழித்த பணமும் வீணாகும். பாலிஎத்திலீனையும் உடன் கலந்தால் விறைப்பு கூடும். ஆனால் அது தாரிலிருந்து எளிதில் பிரிந்து மேலே மிதக்கும் என்பதால், சேமிப்புத் தொட்டியில் கிளறிக்கொண்டே இருப்பது கட்டாயம் என்பேன். இப்படிப் பிரிகிறதா என்று சோதிக்க, செங்குத்தான குழாயில் சூட்டில் வைத்திருந்த கலவை மாதிரியின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே இளகுநிலை (தார் இளகும் வெப்பநிலை) வேறுபாடு 3 டிகிரியைத் தாண்டினால், அந்தக் கலவையைச் சாலைக்கு அனுப்பாதீர்கள். பி.வி.சி.யை ஒருபோதும் சேர்க்கக்கூடாது. சூட்டில் அதிலிருந்து நச்சான ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும்.