குறைந்த சீரை நிரப்பாதீர்கள்: செய்யுள் நாடகம் எழுதுவோருக்கு

கோத்தகிரியில் ஞாயிறு மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடிச் செய்யுள் நாடகம் எழுதிப் பழகுகிறோம். தளை தட்டுவது, மோனை விட்டுப்போவது பற்றியெல்லாம் பேசப்போவதில்லை, அவை பழகப் பழகச் சரியாகிவிடும். ஆனால் போன வாரம் ஒரு தம்பி வாசித்த காட்சியில், இருபது வருடத்துக்கு முன் நான் செய்த தவறு அச்சு அசலாக இருந்தது. அதையும், அதோடு தவிர்க்க வேண்டிய இன்னும் இரண்டையும் சொல்கிறேன்.

குறைந்த சீரை நிரப்புவது

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் கடைசி பஸ்ஸில் மகன் வருவான் என்று ஒரு தாய் காத்திருக்கிறாள். நீண்ட பேச்சின் நடுவே தம்பி முதலில் எழுதியிருந்தது இது:

மஞ்சு மூடிய மலைவழி நோக்கிக்
கண்கள் பூத்தன, கடைசி வண்டியும்
வந்து போனது, மகனை
இன்னும் காணேன், இருட்டிய தம்மா.

மற்ற அடிகளில் நான்கு சீர், அதாவது ஓசைக்காகப் பிரித்த நான்கு துண்டுகள். மூன்றாம் அடியில் மூன்றே சீர். நான்காவது வரவேண்டிய இடத்தில்தான் அவளுக்குத் தொண்டை அடைக்கிறது. தம்பியோ அது பிழை என்று பயந்து 'மகனை அந்தோ' என்று திருத்திக் கொண்டுவந்தார். அடி நிமிர்ந்தது, தாய் காணாமல் போனாள். ஆசிரியப்பாவின் ஒரு வகையான நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீர்தானே? இன்னொரு வகையான இணைக்குறள் ஆசிரியப்பாவில் நடுவிலேயே இருசீராகவும் முச்சீராகவும் அடிகள் குறுகலாம். இலக்கணமே இடம் விட்டிருக்கிறது, நாம்தான் அடைக்கிறோம்.

நான் என் முதல் நாடகத்தின் புலம்பல் காட்சியில் இப்படிப் பதினோரு இடத்தில் 'ஐயகோ' போட்டேன். நடித்த பெண் ஒத்திகையிலேயே கேட்டாள்: "அண்ணா, இதில் நான் எப்போ அழுவது?" கேட்கவில்லை நான். எட்டு மாத உழைப்பு, அரங்கில் ஒரு கண் கலங்கவில்லை. இன்றும் 'அந்தோ'வைக் கண்டால் எரிச்சல் வருகிறது.

அதற்காக அடிக்கடி குறைக்கவும் கூடாது. பத்துப் பன்னிரண்டு அடி நாற்சீராக நடந்து காது பழகிய பிறகு ஒருமுறை குறைந்தால்தான் கேட்பவருக்கு உறைக்கும்.

உணர்ச்சிக்கு ஒரு பா என்று பங்கு பிரிப்பது

கோபத்துக்கு வஞ்சிப்பா, சோகத்துக்குக் கலிப்பா என்று கணக்கு வேண்டாம். 1891இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் செய்யுள் நாடகமான மனோன்மணீயம் பெரும்பகுதி ஆசிரியப்பாதான். ஜீவக மன்னனும் அவனைக் கவிழ்க்கப் பார்க்கும் அமைச்சன் குடிலனும் அந்த ஒரே நடையில் பேசித்தான் வேறு வேறு ஆட்களாகத் தெரிகிறார்கள்.

சீர் பிரித்தபடியே நடிப்பது

சீருக்காகப் பிரித்தது ஏட்டோடு நிற்கட்டும், நடிக்கும்போது சொல்லாகவே பேசுங்கள். ஏட்டில் 'இருட்டிய தம்மா'. வாயில் 'இருட்டியதம்மா'.