இரண்டு வயசுக் குழந்தையோடு கேம்பர் வேனில் டர்பன் போகிறவர்களுக்கு

லண்டனிலோ மெல்பர்னிலோ குடியேறிவிட்ட, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குப் போகும்போது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் திட்டம் போடுகின்றன. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு வாரம், ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு வாரம், நடுவில் க்ரூகர் வனவிலங்குப் பூங்கா, முடிந்தால் கேப் டவுன். பெரியவர்களுக்கு இது சரிப்படும். இரண்டு வயசுக் குழந்தைக்குச் சரிப்படாது. ஒவ்வொரு வீட்டிலும் புதுக் கட்டில், புது முகங்கள், ராத்திரி பதினொரு மணி வரை விருந்து. சில நாளில் குழந்தை சாப்பிட மறுக்கும், பெற்றவர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

உள்ளேயே படுத்துத் தூங்க வசதியுள்ள கேம்பர் வேன் இதற்கு நல்ல வழி. எங்கே போனாலும் அதே படுக்கை, அதே போர்வை, அதே பால் கிண்ணம். ஆனால் வேன் கிடைத்துவிட்டது என்று நாடு முழுக்கச் சுற்றக் கிளம்பிவிடக் கூடாது. மலையடியில் ஓர் இடம், கடற்கரையில் ஓர் இடம், நடுவில் உறவினர் வீடு. அது போதும். அந்தக் கடற்கரை நாட்களில் தாத்தாவையும் ஆயாவையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் க்ரூகர். அந்தப் பகுதி முழுவதும் மலேரியா உண்டு, மழைக்காலத்தில் கூடுதலாக. ஐந்து வயசுக்கு உட்பட்ட குழந்தைகளை அங்கே அழைத்துப் போகாமல் இருப்பதே நல்லது என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள். டர்பன் இருக்கும் குவாசூலு நேட்டால் மாகாணத்தின் வடகோடியான கோசி பே பக்கமும் அப்படியே. டர்பனிலும் டிராக்கன்ஸ்பெர்க் மலையிலும் அந்தப் பயம் கிடையாது. யானையும் காண்டாமிருகமும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மலேரியா இல்லாத பிலான்ஸ்பெர்க் பூங்கா இருக்கிறது, ஜோகன்னஸ்பர்கிலிருந்து சில மணி நேரம்தான்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடற்கரையில் இதமான வெயில், மழை குறைவு. ஆனால் அதே மாதங்களில் டிராக்கன்ஸ்பெர்கில் ராத்திரி உறைபனி விழும், சில நாள் பனிப்பொழிவும் இருக்கும். அதனால் குளிர்காலத்தில் போனால் மலையில் நாட்களைக் குறைத்துக் கடலில் கூட்டுங்கள். குளிருக்காக வேனுக்குள் கேஸ் அடுப்பையோ கேஸ் ஹீட்டரையோ எரிய விட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். மின் இணைப்புள்ள இடமாக எடுத்து, குழந்தைக்குக் கம்பளித் தூக்கப் பை ஒன்று கொண்டுபோவதே சரியான வழி.

வண்டி எடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி படுக்கை எத்தனை என்பதல்ல, குழந்தை இருக்கையை எங்கே மாட்டுவது என்பதுதான். தென்னாப்பிரிக்காவில் 2015 முதல் மூன்று வயசுக்கு உட்பட்ட குழந்தைகள் குழந்தை இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்பது சட்டம். பல கேம்பர் வேன்களில் பின்னால் இருக்கும் மேஜை இருக்கைகள் பக்கவாட்டைப் பார்த்தோ பின்பக்கம் பார்த்தோ இருக்கும், இடுப்புப் பட்டி மட்டுமே இருக்கும். அதில் குழந்தை இருக்கை பாதுகாப்பாக நிற்காது. முன்னோக்கிய, தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனைப் பட்டி உள்ள இருக்கை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், படம் அனுப்பச் சொல்லுங்கள். கூரையில் கூடாரம் விரியும் டபுள் கேப் பிக்கப் வண்டிகளில் பின் இருக்கை வசதியாகத்தான் இருக்கும், ஆனால் ஏணி ஏறிப் படுக்க வேண்டும். இப்போதுதான் ஏறப் பழகிய குழந்தைக்கு அந்த ஏணி வேண்டாம். நின்று நடக்கும் உயரமுள்ள வேனில், கீழ்ப் படுக்கையில் அம்மாவுக்கும் சுவருக்கும் நடுவில் படுக்க வைப்பதே நல்லது. டயர், கண்ணாடி, கூரை மூன்றுக்கும் காப்பீடு உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

ஆவணங்கள் விஷயம் சுருக்கம்தான். தென்னாப்பிரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள், வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டில்தான் உள்ளே போக வேண்டும், வெளியே வர வேண்டும். காலாவதியானதைப் புதுப்பிக்க மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் டிக்கெட்டுக்கு முன்னால் இதைப் பாருங்கள். குழந்தைக்கு அப்பா அம்மா இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதத்தையும் கேட்கலாம், அதுவும் கையில் இருக்கட்டும்.

சரி, பாதைக்கு வருவோம். விமானம் இறங்கியதும் வண்டியை எடுத்து ஓட்டாதீர்கள், ஒரு ராத்திரி ஜோகன்னஸ்பர்கில் தூங்குங்கள். அங்கிருந்து டர்பன் என்-3 நெடுஞ்சாலையில் சுமார் 570 கிலோமீட்டர். காரில் ஒரே நாளில் போய்விடலாம். குழந்தையோடு வேனில் வேண்டாம். காலையில் சாப்பிட வைத்துக் கிளம்பி, குழந்தை தூங்கும் நேரத்தில் நீண்ட தூரத்தைக் கடந்து, ஹாரிஸ்மித்தில் நிறுத்திக் கால் நீட்டி விளையாட விடுங்கள். அங்கிருந்து ஆர்-74 சாலையில் ஸ்டெர்க்ஃபான்டைன் அணையைத் தாண்டி ஒலிவியர்ஸ்ஹூக் கணவாய் வழியாக இறங்கினால் ராயல் நேட்டால் தேசியப் பூங்கா. இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். கிராமத்துச் சாலைகளில் மாடுகள் குறுக்கே நிற்கும், பள்ளங்கள் இருட்டில் தெரியாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பழகியவர்களுக்கு இன்னொன்று: சாலையோரத்தில் வேனை நிறுத்தித் தூங்கும் பழக்கம் இங்கே பாதுகாப்பில்லை. வேலி போட்ட, முன்பதிவு செய்த இடத்தில்தான் ராத்திரி.

ராயல் நேட்டாலில் மஹாய் என்ற முகாம் எனக்கு மிகவும் பிடித்த இடம். புல்வெளிக்குப் பின்னால் ஆம்ஃபிதியேட்டர் பாறைச் சுவர் நிமிர்ந்து நிற்கும். 948 மீட்டர் விழும் டுகேலா அருவி அதிலிருந்துதான் இறங்குகிறது. அந்த அருவிக்கு நடப்பது குழந்தையோடு நடக்காத காரியம், விட்டுவிடுங்கள். முகாமிலிருந்து ஓடையோரமாகக் கேஸ்கேட்ஸ் என்ற சிற்றருவிகள் வரை ஒரு சின்ன நடை உண்டு. குழந்தை தானே நடக்கும், கல் பொறுக்கும், தண்ணீரில் கை வைக்கும். காலை முழுவதும் அதிலேயே போய்விடும். புல்லில் விளையாடிவிட்டு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், அக்குளில், காதோரத்தில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கீழே கடற்கரைப் பக்கம் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் அணைகளிலும் மட்டும் இறக்க வேண்டாம், பில்ஹார்சியா ஒட்டுண்ணி தோல் வழியாகவே உள்ளே போகும்.

முகாமில் இரண்டு விஷயத்தில் கண் வேண்டும். ஒன்று குரங்கு: மலையில் பபூன் என்ற பெரிய குரங்கு, கடற்கரையில் சின்னக் குரங்கு. திறந்த கதவும் மேஜைமேல் வாழைப்பழமும் போதும், குழந்தையின் கையிலிருந்தே பிடுங்கும். சாப்பாடு வேனுக்குள், கதவு மூடி. இன்னொன்று பிராய் நெருப்பு, அதாவது வெளியில் இறைச்சி சுடும் நெருப்பு. முடிந்ததும் மண்ணைப் போட்டு மூடுவது பலருக்கு வழக்கம். மண்ணுக்கு அடியில் கங்கு மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது, மறுநாள் காலையில் வெறுங்காலோடு ஓடும் குழந்தை அதில்தான் மிதிக்கும். வாளித் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள்.

சாப்பாட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டாம். எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் மாஸ் கிடைக்கும், கெட்டியாகப் புளித்த பால். குழைய வடித்த சோற்றில் மாஸும் உப்பும் போட்டால் நம் பிள்ளைகள் தயிர்சாதம் என்றே சாப்பிடும். காலைக்குச் சோளமாவுக் கஞ்சி.

மலையிலிருந்து இறங்கும் வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க். 1893 ஜூன் 7 அன்று காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட நிலையம் அங்கேதான். நகர நடுவில் சுப்பிரமணியருக்கும் மாரியம்மனுக்கும் பழைய கோயில்கள், புனித வெள்ளியில் தீமிதி. திருவிழாவுக்காகப் போகிறவர்கள் ஈஸ்டர் வியாழனும் திங்களும் என்-3 சாலையில் வேனை இறக்காமல் இருந்தால் நல்லது, ஆண்டின் மோசமான நெரிசல் அப்போதுதான்.

இப்போது கடற்கரை. டர்பனுக்குத் தெற்கே ஸ்காட்பர்க் கேரவன் பார்க் கடலை ஒட்டியே இருக்கிறது. 1953-ல் வந்த தனி வசதிகள் சட்டத்தின் கீழ் கடற்கரைகளையும் பூங்காக்களையும் நிறம் பார்த்துப் பிரித்தார்கள். கடற்கரைகள் எல்லோருக்கும் திறந்தது 1989-ல்தான். உங்கள் தாத்தா ஆயா சின்ன வயசில் டர்பன் கடலில் எங்கே கால் நனைக்கலாம் என்பதைப் பலகை சொன்னது. இப்படி வண்டி நிறுத்தி, கூடாரம் போட்டு, அலைக்கு முன்னால் காலைத் தேநீர் குடிப்பது அவர்கள் தலைமுறைக்குக் கிடைக்காத ஒன்று. அதனால்தான் அவர்களைக் கூட்டிப் போகச் சொல்கிறேன். "வேனுக்குள்ளயா பிள்ளையைத் தூங்க வைக்கப் போறீங்க? இங்க வீடு எதுக்கும்மா இருக்கு?" என்று ஆயா முதலில் கேட்பார். வற்புறுத்துங்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு விடுதி அறை எடுங்கள், வேன் படுக்கை முதுகுக்கு ஆகாது. பகலில் எல்லோரும் வேனடியில். ஞாயிறன்று சித்தப்பா, அத்தை, பிள்ளைகள் எல்லோரும் பிரியாணிப் பானையோடு வந்துவிடுவார்கள். நீங்கள் ஆறு வீட்டுக்கு அலைவதற்குப் பதில் ஆறு வீடும் உங்களிடம் வரும், குழந்தை தன் நேரத்துக்குத் தன் படுக்கையில் தூங்கும். பகல்நேர விருந்தாளிகளுக்குக் கட்டணமும் எண்ணிக்கை வரம்பும் இருக்கலாம், வாசலில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

டிசம்பரிலும் ஈஸ்டரிலும் மஹாயும் கடற்கரை முகாம்களும் பல மாதம் முன்பே நிரம்பிவிடும், விமான டிக்கெட் எடுத்த கையோடு பதிவு செய்யுங்கள். கைபேசியிலிருந்து அவசர எண் 112, ஆம்புலன்ஸ் 10177, இரண்டையும் தாளில் எழுதி வேனில் ஒட்டுங்கள். வண்டியை டர்பனிலேயே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். முடியாது என்றால் ஜோகன்னஸ்பர்க் திரும்ப இரண்டு நாள் ஒதுக்குங்கள், விமானம் ஏறும் நாளில் வண்டி ஒப்படைக்கிற வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.